ஊசி முனையில் ஓர் உரிமை: வீட்டிலிருந்து தைக்கும் கைகளின் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ரமளானின் பிற்பகுதி வந்துவிட்டால் உத்தமபாளையத்துத் தெருக்களில் தராவீஹ் தொழுது திரும்பும் வேளையில் ஓர் ஓசை நம்முடன் நடந்து வரும். அது தையல் மிஷினின் ஓசை. பெருநாளுக்கான சுடிதார், ஜாக்கெட், புர்கா, சிறார்களின் புத்தாடை, தலையணை உறை, திரைச்சீலை என எல்லாம் வீடுகளுக்குள்ளேயே உருவாகின்றன. பெயர்ப்பலகை இல்லை, கடை இல்லை. அளவு ஜாக்கெட் ஒன்றும் துணிப்பை ஒன்றும் வாசற்படியைத் தாண்டி உள்ளே செல்கின்றன. சில நாட்களில் ஆடையாகத் திரும்பி வருகின்றன. இடையில் உறக்கம் துறந்தவர் யார் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்குவது நம் தமிழக ஜமாஅத்துகள் பலவற்றின் நற்பணிகளில் ஒன்று. மேடையில் வைத்து வழங்குகிறோம், துஆச் செய்கிறோம். அது நன்மையான காரியமே. ஆயினும் இயந்திரத்தைத் தர்மமாகக் கொடுக்கும் சமுதாயம், அதில் தைத்தவருக்குரிய கூலியை உரிய நேரத்தில் கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. முன்னது உபகாரம், பின்னது உரிமை. இந்த வேறுபாட்டை மார்க்கமும் வரலாறும் எவ்வாறு எடுத்துரைக்கின்றன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நபிமார்களின் வழியில் ஊசி

ஊசி கொண்டு ஆடை தைத்த முதல் மனிதர் நபி இத்ரீஸ் (அலை) அவர்கள் என்று தஃப்ஸீர் நூல்களும் வரலாற்று நூல்களும் குறிப்பிடுகின்றன. நமது நபி பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தமது ஆடையைத் தாமே தைப்பார்கள், தமது செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்ற கருத்தில் அன்னையவர்கள் பதிலளித்தார்கள். மதீனாவின் தலைவர் தமது கையால் ஊசி பிடித்தார்கள் எனில், ஊசி பிடிப்பது இழிவான வேலை என்று எவரும் சொல்ல இடமில்லை.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் நூலின் வியாபாரப் பகுதியில் தையற்காரரைப் பற்றித் தனித் தலைப்பே அமைத்திருக்கிறார்கள். மதீனாவில் தையற்காரர் ஒருவர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும் சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் கலந்த குழம்பும் பரிமாறப்பட்டன. உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி உண்டதைக் கண்டு, அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார்கள். நம்மில் பலர் இந்த நபிமொழியைச் சுரைக்காயின் சிறப்புக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். இமாம் அவர்களோ அதைத் தையற்காரருக்கான தலைப்பின் கீழ் வைத்தார்கள். தையல் ஒரு கண்ணியமான தொழில், தையற்காரரின் உணவு தூய உணவு என்பதற்கு அது சான்று.

பெண்களின் கைத்தொழிலுக்கும் அக்காலத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. தம் மனைவியரில் நீண்ட கையுடையவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டில் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் வஃபாத்தான பிறகே அதன் பொருள் விளங்கியது. அன்னையவர்கள் தோல் பதனிட்டு, அதைத் தைத்து, அந்த உழைப்பின் வருவாயைத் தர்மம் செய்து வந்தார்கள். நீண்ட கை என்பது கொடுக்கும் கையைக் குறித்தது. அந்தக் கையோ வீட்டிலிருந்து உழைத்த கை.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் கைத்தொழில் தெரிந்தவர். தாம் செய்ததை விற்று அதைக் கொண்டு கணவரையும் பிள்ளைகளையும் பராமரித்து வந்தார். இவ்வாறு குடும்பத்துக்கே செலவிடுவதால் தர்மம் செய்ய இயலவில்லையே, இதற்கு நன்மை உண்டா என்று அவர் கேட்டபோது, உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உறுதி அளித்தார்கள். ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கு என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 32ஆம் வசனம் வழங்குகிறது. ஆகவே மனைவியின் தையல் கூலி மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து குடும்பத்துக்குச் செலவிட்டால் அது நன்மை. அதைப் பறிக்கக் கணவருக்கு உரிமை இல்லை.

ஃபிக்ஹு நூல்களில் தையற்காரர்

நமது ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். கடைத்தெருவின் வழக்கங்களை நேரில் அறிந்த அவர்களும் அவர்களது மாணவர்களும் தையல் கூலியைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தார்கள் என்பதை, ஹிஜ்ரி 593இல் மறைந்த அல்லாமா மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' நூலில் காணலாம். மதரஸாக்களில் இன்றளவும் ஓதப்படும் நூல் அது.

பலரிடமும் வேலை வாங்கிச் செய்யும் தொழிலாளியை 'அஜீர் முஷ்தரக்' என்று ஃபிக்ஹு அறிஞர்கள் அழைக்கின்றனர். ஒருவருக்கு மட்டுமே கட்டுப்பட்ட கூலியாளிலிருந்து இவர் வேறுபட்டவர். துணியை நாம் கொடுத்துத் தைக்கச் சொன்னால் அது இஜாரா, அதாவது உழைப்புக்கான ஒப்பந்தம். துணியையும் தைப்பவரே வாங்கி, நாம் சொன்ன வகையில் செய்து தரச் சொன்னால் அது இஸ்திஸ்னா, அதாவது செய்பொருளுக்கான ஒப்பந்தம். கையில் இல்லாத பொருளை விற்பது பொதுவாகக் கூடாதென்றாலும், மக்களின் தேவையும் தொன்றுதொட்ட வழக்கமும் கருதி இதை நம் இமாம்கள் அனுமதித்தார்கள். ஆகவே ‘ஆர்டர்’ கொடுத்து வாங்குதல் என்பது ஏதோ வாய்ப்பேச்சு அல்ல. ஷரீஅத்தில் பெயரும் நிபந்தனைகளும் உள்ள ஒப்பந்தம்.

பாரசீக முறையில் தைத்தால் ஒரு திர்ஹம், ரோம முறையில் தைத்தால் இரண்டு திர்ஹம் என்று பேசிக்கொள்வது செல்லும் என்கிறது ஹிதாயா. சாதாத் தையலுக்கு ஒரு விலை, லைனிங் வைத்த தையலுக்கு வேறு விலை என்று இன்று நம் பெண்கள் கேட்பதும் அதுவே. இன்றே தைத்துத் தந்தால் ஒரு திர்ஹம், நாளை தந்தால் அரைத் திர்ஹம் என்று பேசிக்கொண்டால் என்ன என்றும் நம் இமாம்கள் விவாதித்தார்கள். இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோர் இரு நிபந்தனைகளும் செல்லும் என்றனர். முதல் நிபந்தனை மட்டுமே செல்லும், மறுநாள் தந்தால் அரைத் திர்ஹத்துக்கு மேற்படாத வகையில் வழக்கமான கூலி உரியது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். முடிவில் வேறுபட்டாலும் ஒன்றில் அவர்கள் ஒத்திருந்தனர். தாமதமாகத் தந்தாலும் தைத்தவர் வெறுங்கையுடன் திரும்புவதில்லை.

பொறுப்பும் அவ்வாறே பகிரப்பட்டது. தைப்பவர் தம் செயலால் துணியைக் கெடுத்தால் அவரே ஈடு செய்ய வேண்டும். அவரது குறையின்றித் துணி தொலைந்தால் அவர் பொறுப்பாளி அல்லர் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. பெருந்தீ போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி அவர் பொறுப்பாளியே என்பது இரு மாணவர்களின் கருத்து. கூலியைப் பற்றிய எச்சரிக்கையோ கடுமையானது. மறுமை நாளில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் அறிவித்த மூவரில் ஒருவன், கூலிக்கு ஆள் வைத்து வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவன். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்குமாறு பணித்த நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. அந்த வியர்வை வயலில் சிந்தினாலும், ஏலத்தோட்டத்தில் சிந்தினாலும், வீட்டின் உள்ளறையில் மிஷினின் மேல் சிந்தினாலும் வியர்வையே.

இயந்திரம் வீட்டுக்குள் வந்த வரலாறு

இவ்வளவு நூற்றாண்டுகளும் தையல் என்றால் கைத்தையல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நிலை மாறியது. பிரான்ஸ் நாட்டின் தையற்காரர் பார்தெலமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பாரிஸில் இராணுவ உடை தைக்கும் கூடம் அமைத்தபோது, தம் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் திரண்டு வந்து இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். அமெரிக்காவில் எலையாஸ் ஹோ 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர். விலை அதிகமாக இருந்ததால் சாதாரணக் குடும்பங்களால் வாங்க இயலவில்லை. எனவே சிங்கர் நிறுவனம் 1856இல் தவணை முறையைப் புகுத்தியது. இதன் பின்னரே இயந்திரம் பட்டறையை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது.

நம் நாட்டில் 1930களில் கல்கத்தாவில் ‘உஷா’ தையல் இயந்திரம் உருவாகத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1924இல், இயந்திரங்களைப் பற்றிய முக்கியமான உரையாடல் ஒன்று டில்லியில் நடைபெற்றது. ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக மௌலானா முஹம்மது அலீ ஜவ்ஹர் அவர்களின் இல்லத்தில் காந்தியடிகள் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கிய ஆண்டு அது. சாந்திநிகேதன் மாணவராயிருந்த ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியடிகளிடம் கேட்டார். அதற்கு அவர் விதிவிலக்காகக் காட்டிய பொருள் சிங்கர் தையல் இயந்திரம். கையால் தைத்துத் தைத்துச் சோர்ந்த மனைவியின் பாரத்தைக் குறைக்கவே சிங்கர் அதை உருவாக்கினார், அன்பில் பிறந்த கருவி அது என்பது காந்தியடிகளின் விளக்கம். அந்த இளைஞரே பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் இணைந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

கருவி அன்பில் பிறந்திருக்கலாம். ஆனால் கருவி வந்ததாலேயே கூலி நியாயமாகிவிடவில்லை. கையால் ஒரு நாள் பிடித்த வேலை மிஷினில் சில மணி நேரத்தில் முடிந்தபோது, வேலை கொடுத்தவர் உருப்படிக்கான கூலியைக் குறைத்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டில் தைத்த பெண்களின் வறுமை பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பேசப்பட்டதற்குக் காரணம் இதுவே. இதே வரலாறு நம் நாட்டில் போர்வை தைத்த முஸ்லிம் பெண்களிடமும் நிகழ்ந்தது. அதைக் காணும் முன் போர்வைத் தையலைப் பற்றிச் சில சொற்கள்.

கழித்த துணியில் பிறந்த கதகதப்பு

பழைய துணிகளை அடுக்கி, ஒன்றாகத் தைத்து விரிப்பாகவும் போர்வையாகவும் ஆக்குவது ஏழை வீடுகளின் பழைய வழக்கம். வங்காளத்தில் முஸ்லிம், ஹிந்து பெண்கள் இருவரும் பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கும் ‘காந்தா’ புகழ்பெற்றது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழிவந்த ஸித்திகள் வாழ்கின்றனர். அவர்களில் முஸ்லிம்களும் ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் உள்ளனர். அப்பெண்கள் தைக்கும் போர்வையின் பெயர் ‘கவந்தி’. ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துச் சென்று, நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ‘பூ’ வைத்து முடிப்பது அவர்களின் முறை. பூ வைக்காத போர்வை முழுமை பெற்றதாக அவர்கள் கருதுவதில்லை.

நம் தேனி மாவட்டத்திலும் இதற்கு ஒப்பான தொழில் உண்டு. போடிநாயக்கனூர் வட்டாரம் இலவம் பஞ்சுக்குப் பெயர்பெற்றது. மெத்தையும் தலையணையும் வெளியூர்களுக்குச் செல்கின்றன. பஞ்சை அடைப்பதற்கு முன் உறை வேண்டும்; உறைக்குத் தையல் வேண்டும். மெத்தையை விற்பவரின் பெயர் பலகையில் இருக்கும். உறையைத் தைத்தவரின் பெயர் எங்கும் இருக்காது.

இவ்வாறு பெயரற்றிருந்த போர்வைத் தையற்காரப் பெண்கள் ஓர் ஊரில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். அந்த ஊர் குஜராத்தின் அஹ்மதாபாத்.

அஹ்மதாபாத்தின் போர்வைப் பெண்கள்

சுல்தான் அஹ்மத் ஷாஹ் 1411இல் அமைத்த அந்நகரம் பிற்காலத்தில் பஞ்சாலைகளின் நகரமாயிற்று. ஆலைகளில் கழிவாகும் வெட்டுத்துண்டுகளை வியாபாரிகள் மொத்தமாக வாங்குவர். பழைய கோட்டைப் பகுதியான தரியாபூரிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த பெண்கள், பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், அத்துண்டுகளைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒட்டுப்போட்டுத் தைத்து, போர்வைக்கான உறைகளாக ஆக்கித் திருப்பிக் கொடுப்பர். ஏழைகள் வாங்கும் போர்வை அது. ஏழைகளே தைத்த போர்வையும் அதுவே. கூலி உருப்படிக் கணக்கு. இடம் அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. விலையை முடிவு செய்யும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை.

அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் 1920இல் அனசூயா சாராபாய் அம்மையாரின் தலைமையில் தோன்றியது. அதன் மகளிர் பிரிவை 1968 முதல் கவனித்து வந்த வழக்கறிஞர் இலா பட், ஆலைக்கு வெளியே உழைக்கும் பெண்களைக் கண்டார். துணி சுமப்போர், காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர், வீட்டில் தைப்போர் ஆகியோருக்காக 1972 ஏப்ரலில் ‘சேவா’ என்னும் சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கத்தை அவர் பதிவு செய்தார். பதிவு எளிதாக நடக்கவில்லை. முதலாளியே இல்லாத இவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் அமைக்கிறார்கள் என்று அதிகாரிகள் கேட்டனர். எதிர்ப்பதற்கு மட்டும் அல்ல, ஒன்றுபடுவதற்கும் சங்கம் வேண்டும் என்பதே அவரது பதிலாயிற்று. 1974இல் நான்காயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்தார்கள்.

1970களின் பிற்பகுதியில் தரியாபூரின் தையற்பெண்கள் கூலியை உயர்த்தக் கேட்டனர். வியாபாரிகள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. கேட்டவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. வீட்டில் தைப்பவருக்கு இதுவே பெரிய அச்சம். ஆலையில் ஆயிரம் பேர் சேர்ந்து வேலையை நிறுத்தினால் ஆலை நிற்கும். தனி வீட்டில் இருக்கும் ஒரு பெண் நிறுத்தினால், துணிப்பை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எனவே சேவா வேறு வழியை நாடியது. வெட்டுத்துண்டுகளை நேரடியாக வாங்கி, பெண்களைக் கொண்டே தைத்து, பெண்களே விற்கும் கூட்டுறவு ஒன்று தோன்றியது. அதன் பெயர் ‘ஸபீனா’. வேலை கொடுப்பவரை வேண்டி நின்ற கைகள், வேலையின் உரிமையாளர்களாயின.

1980களில் அஹ்மதாபாத்தின் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. வேலையிழந்த ஆண்களின் வீடுகளில் அடுப்பு எரிந்தது பெரிதும் பெண்களின் வீட்டுத் தொழிலால்தான். 1985இலும் 2002இலும் நடந்த கலவரங்களின்போது ஊரடங்கு வந்தது. துண்டு வாங்கச் செல்ல முடியவில்லை. தைத்ததைக் கொடுக்கவும் முடியவில்லை. அக்காலங்களிலும் ஹிந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாகவே நீடித்தார்கள். பிழைப்பு ஒன்றாயிருந்தது, துயரமும் ஒன்றாயிருந்தது. இலா பட் அவர்கள் 1977இல் மகசேசே விருது பெற்றார். 2022 நவம்பரில் மறைந்தார்.

அப்பெண்களின் குரல் ஜெனீவா வரை எட்டியது. வீட்டிலிருந்து பிறருக்காக உழைப்பவரும் தொழிலாளியே, ஏனைய தொழிலாளர்களுக்குரிய சம நடத்தை அவருக்கும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996 ஜூனில் 177ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. அதற்காகப் பாடுபட்டவற்றுள் சேவா முதன்மையானது. 2000 ஏப்ரலில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் அளித்த நாடுகள் மிகச் சிலவே. இந்தியா இன்னும் அவற்றுள் இல்லை. எனினும் 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ‘வீட்டுத் தொழிலாளி’ யார் என்பதை வரையறுத்தது. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அவ்வரையறை இடம்பெற்றது. இல்லத்தரசி என்று மட்டுமே எழுதப்பட்ட இடத்தில் தொழிலாளி என்ற சொல் ஏறியது. ஃபிக்ஹு நூல்கள் ‘அஜீர் முஷ்தரக்’ என்று முன்பே பெயரிட்டு உரிமை கொடுத்த அதே மனிதரை, சட்டப் புத்தகம் பல நூற்றாண்டுகள் கழித்துக் கண்டுகொண்டது.

தமிழகத்தில், நம் ஊரில்

தமிழகம் இதில் பின்தங்கிவிடவில்லை. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையில் தையல் தொழிலாளர் நல வாரியம் இயங்குகிறது. பதிவு செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. கடை வைத்தோர் மட்டுமின்றி வீட்டில் தைப்போரும் பதிவு பெறலாம். சத்துணவு பெறும் மாணவர்களின் விலையில்லாச் சீருடை, சமூக நலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களைக் கொண்டு தைக்கப்படுகிறது. சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசே தையல் இயந்திரமும் வழங்குகிறது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றில் ஊரே அடங்கியிருந்தபோது, துணி முகக்கவசம் தைத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்த பெண்களே.

நமதூரின் வரலாற்றைக் கூறுவோர் முல்லைப் பெரியாற்றைக் கூறுவர். 1895இன் அணையைக் கூறுவர். 1956இல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியைப் பெருமையுடன் கூறுவர். அவை கூறப்பட வேண்டியவையே. அவற்றோடு, கணவரை இழந்தபின் காஜா எடுத்தும் ஓரம் அடித்தும் சேலைக்கு பால்ஸ் வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களும் ஒவ்வொரு தெருவின் வரலாற்றில் உள்ளனர். அவர்கள் யாரிடமும் கை நீட்டவில்லை. ஜகாத் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் எதிர்பார்த்தது தைத்ததற்கான கூலியை மட்டுமே.

அதில்தான் நமது குறை இருக்கிறது. கடையில் துணி எடுக்கும்போது விலைச்சீட்டில் உள்ளதைப் பேசாமல் கொடுக்கிறோம். அத்துணியைத் தைத்த அடுத்த வீட்டுப் பெண்ணிடம், நம் வீட்டுப் பிள்ளைதானே என்று பாதி கொடுத்து, மீதியைப் பெருநாளுக்குப் பிறகு தருவதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். சொந்தமும் வெட்கமும் அவர் வாயை அடைத்துவிடும். பெருநாளன்று நாம் அணிந்து தொழச் செல்லும் ஆடையில் இன்னொருவரின் பாக்கி தொங்குமானால், அந்தப் பெருநாள் நிறைவானதாகுமா?

எனவே ஜமாஅத் பெருமக்கள் சிந்திக்கச் சில செய்திகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, துணியைக் கொடுக்கும்போதே கூலியையும் நாளையும் பேசிவிட வேண்டும். கூலியைத் தெரிவித்த பின்னரே ஆளை அமர்த்துமாறு நபிமொழிகள் வழிகாட்டுகின்றன. பேசாமல் கொடுப்பதே பின்னர் மனக்கசப்புக்கு வித்தாகிறது.

இரண்டாவதாக, ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோமோ, அவ்வளவு கவனத்துடன் தையல் கூலியையும் தொழுகைக்கு முன் தீர்த்துவிட வேண்டும். ஃபித்ரா ஏழையின் பங்கு. கூலியோ உழைத்தவரின் கடன்.

மூன்றாவதாக, தைக்கும் சகோதரிகளுக்கும் பொறுப்பு உண்டு. மிஞ்சிய துணி கொடுத்தவருடையது. அதைத் திருப்பிக் கொடுப்பது அமானிதம். முடியாத நாளை ஒப்புக்கொண்டு அலைக்கழிப்பதும் வாக்கு மீறலே. ஏற்க இயலாத ஆர்டரை முன்னரே மறுத்துவிடுவது இருவருக்கும் நலம்.

நான்காவதாக, வசதியற்ற பெண்ணுக்கு ஜகாத் நிதியிலிருந்து இயந்திரம் வாங்கி உரிமையாக்கிக் கொடுப்பது கூடும். தொழிற்கருவிக்கு ஜகாத் கடமையாகாது என்பதும் நம் மத்ஹபின் சட்டம். ஆனால் வேலை இல்லாத மிஷின் மூலையில் துருப்பிடிக்கும். மக்தப் பிள்ளைகளின் சீருடை, பள்ளிவாசலின் திரைச்சீலை, விரிப்புகளின் உறை போன்றவற்றை வெளியூர்க் கடைகளில் வாங்குவதற்குப் பதிலாக மஹல்லாவின் வீட்டுத் தையற்காரர்களிடம் நியாயக் கூலிக்குக் கொடுக்கலாம். நல வாரியப் பதிவுக்கான படிவங்களை நிரப்ப, படித்த இளைஞர்கள் ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரம் உதவினால் பல குடும்பங்கள் பயனடையும்.

அஹ்மதாபாத்தின் பெண்களுக்குச் சங்கம் வேண்டியிருந்தது, வங்கி வேண்டியிருந்தது, ஜெனீவாவின் தீர்மானமும் வேண்டியிருந்தது. நமக்கு ஜமாஅத் இருக்கிறது. ஐவேளையும் ஒன்றுகூடும் இடமும், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியும் உறவும், கூலியைப் பற்றித் தெளிவாகப் பேசிய ஷரீஅத்தும் நம்மிடம் உள்ளன. இவ்வளவும் இருந்தும் ஒரு கைம்பெண்ணின் தையல் கூலி மாதக்கணக்கில் நிற்குமானால், அதற்கு எந்தச் சட்டத்தின் மீதும் நாம் பழி போட இயலாது.

உழைப்பவரின் உரிமையை உரிய நேரத்தில் ஒப்படைக்கும் நற்பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! வீட்டிலிருந்து ஹலாலாக உழைக்கும் நம் தாய்மார்கள், சகோதரிகளின் கரங்களில் பரக்கத்தையும், கண்களில் ஒளியையும், அவர்களது பிள்ளைகளின் வாழ்வில் உயர்வையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.